ஒத்த ஆளா வெளையாடுற கேமுக்கு எதுக்குடா இன்டர்நெட் லைன்?

28வது வேவ், எதிரி அலை அலையா வர்றதுல 28வது அலை. 30ல 28. இத மொதல்ல சொல்லிட்டாதான் மீதி ஒங்களுக்கு வெளங்கும். நாப்பது நிமிஷமா உக்காந்து சொவரு கட்டி, பீரங்கி வச்சி, ஒவ்வொரு ரோபோவா சுட்டு இரும்பு பொறுக்கி, இன்னும் ரெண்டே ரெண்டு வேவ்தான் ஸ்டேஜ் முடிஞ்சிரும்னு இருக்கும்போது செம்பனைக்காட்டு பக்கம் ஒரு இடி. பெருசு கூட இல்ல, யாரோ தொண்டைய கனைக்கிற மாதிரி. அம்மா குசினியில இருந்து கையில கரண்டியோட வந்தாங்க, மோடம் பிளக்க புடுங்குனாங்க, திரும்பி போய்ட்டாங்க. ஒரு வார்த்த பேசல. ஸ்கிரீன்ல லைன் கட்டாயிருச்சின்னு ஒரு பொட்டி வந்து நிக்கிது, கீழ ஓகேன்னு ஒரே ஒரு பட்டன். நான் ஓகே இல்லன்னு சொல்றதுக்கு பட்டன் இல்ல. அமுக்குனேன். மெயின் மெனு. அந்த நாப்பது நிமிஷமும் தண்ணியில கரைஞ்ச உப்பு மாதிரி போச்சி.

அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க, நானும் சொல்லல. மலேசியாவுல, பேராக்குல எங்க ஊத்தான் மெலிந்தாங் பக்கம், பாகான் டத்தோ பக்கம் இருக்குறவங்களுக்கு தெரியும், சாயங்காலம் நாலு மணி ஆனா வானம் எப்படி கறுக்கும்னு. போன வருஷம் இப்படித்தான் ஒரு நாள் இடி எறங்கி மோடமும் போச்சி டிவியும் போச்சி, கருகுன வாசம் ரெண்டு நாளு வீட்ட விட்டு போவல. அதுக்கப்பறம் எங்க வரிசையில எல்லா வீட்லயும் இதே பழக்கந்தான், மொத இடிக்கு பிளக்கு கையில இருக்கும். அம்மா செஞ்சது நூத்துக்கு நூறு சரி. கேள்வி என்னான்னா, நான் ஒத்த ஆளா என் ரூம்ல உக்காந்து, என் கம்ப்யூட்டர்ல இருக்குற ரோபோவ, என் கம்ப்யூட்டர்ல இருக்குற துப்பாக்கியால சுடுறதுக்கு, எங்கயோ இருக்குற சர்வரு எதுக்குடா பாத்துக்கிட்டு இருக்கணும்? அது என்னா மாமனாரா, பக்கத்துல உக்காந்து மேற்பார்வ பாக்குறதுக்கு?

பேரு சொல்ல மாட்டேன். சொன்னா நாலு பேரு வந்து அண்ணே ஒங்களுக்கு வெளையாட தெரியலன்னு ஆரம்பிப்பானுங்க. பழைய காலத்து வேற்றுக்கிரக கத மாதிரி ஸ்டைலு, பறக்கும் தட்டு, தலையில கண்ணாடி கிண்ணத்த கவுத்து வச்ச மாதிரி ரோபோ, அதுக்குள்ள வால்வு ரேடியோவுல இருக்குமே அந்த மாதிரி பல்பு மினுக்கு மினுக்குன்னு எரியும். நீங்க கோபுரமும் கட்டணும், கீழ எறங்கி துப்பாக்கியும் தூக்கணும். டவர் டிஃபென்ஸ்னு சொல்வாங்களே, கோபுரம் வச்சி எதிரிய தடுக்கிறது, அதோட சுடுறதும் சேந்த வகை. பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, ரெண்டு வாரம் பொட்டலம் வாங்கி திங்காம மிச்சம் புடிச்ச அம்பது வெள்ளி அது.

என் கடுப்புக்கு காரணமே கேம் நல்லா இருக்குறதுதான். குப்பையா இருந்தா அழிச்சிட்டு போயிருவேன், யாருக்கு நேரம் இருக்கு, மில்லுல பன்னெண்டு மணி நேர ஷிஃப்டு முடிச்சிட்டு வந்து எண்ண வாசத்த கழுவிட்டு உக்காந்தா கெடைக்கிறது ஒண்ணரை மணி நேரம். ஆனா இது குப்ப இல்ல. சத்தத்துலயே ஆள புடிச்சிரும். தெரமின்னு ஒரு வாத்தியம் இருக்கு, கை படாமயே காத்துல கைய ஆட்டி வாசிக்கிறது, பழைய பேய் கதையில ஊஊஊன்னு வருமே அதான். எதிரி கெளம்புறதுக்கு முன்னாடி அந்த சத்தம் மெதுவா ஏறும், எந்த பக்கம் அதிகமா கேக்குதோ அந்த வழியாதான் வருவானுங்க. மேப்ப பாக்க வேணாம், காதால பாக்கலாம். இத யோசிச்சவன் கைய புடிச்சி முத்தம் குடுக்கலாம். அதே கம்பெனிக்காரன்தான் சேவ் பட்டன எடுத்துட்டு போனவனும்.

துப்பாக்கியும் சியோக், செம சொகம். மூணு நாலு சுடு சுட்டாலே குழாயி செவக்கும், ஆறவைக்கணும், அந்த நேரத்துல ஓடிப்போயி ஒரு சொவரு கட்டிரலாம். சுடுறதும் கட்டுறதும் ஒண்ணுக்கொண்ணு வழி விட்டு போவுது பாருங்க, அது லேசுப்பட்ட வேல இல்ல. 1990ல அட்டாரி கம்பெனிக்காரங்க ராம்பார்ட்னு ஒரு கேம் விட்டாங்க, கொஞ்ச நேரம் கப்பல சுடு, கொஞ்ச நேரம் ஒடஞ்ச கோட்டை சொவர அடை, மாத்தி மாத்தி. அதுல ரெண்டும் தனித்தனி. 2011ல சாங்க்டம் வந்துச்சி, அயர்ன் பிரிகேட் வந்துச்சி, அந்த அயர்ன் பிரிகேட்ல நீங்களே ஒரு நடக்குற எந்திரத்துக்குள்ள உக்காந்து சுட்டுக்கிட்டே பீரங்கிய எறக்கி வைக்கலாம், நாலு பேரு வரைக்கும் சேந்து ஆடலாம். இந்த கேம் அந்த வம்சத்துல வந்த புள்ளதான், நல்லாவே வளந்திருக்கு, அந்த ஒரு கெட்ட பழக்கத்த தவிர.

தோட்டத்துல பொறந்தவனுக்கு டவர் டிஃபென்ஸ் என்னான்னு யாரும் சொல்லிக்குடுக்க வேணாம். செம்பனைக்காட்டுக்குள்ள போனீங்கன்னா கம்பத்து மேல மரப்பொட்டி நட்டு வச்சிருப்பாங்க, ஆந்தைக்கு. எலி குலைய கடிக்கும், ராத்திரி ஆந்தை எறங்கி எலிய தூக்கும். அது ஒரு டவரு. கன்னுச் செடிய காண்டாமிருக வண்டு தொளைக்கும், அதுக்கு வாசம் வச்சி இழுக்குற பொறி தனி. அது இன்னொரு டவரு. ஆந்தை வண்டுக்கு ஒதவாது, பொறி எலிக்கு ஒதவாது. எந்த எதிரிக்கு எத எங்க வைக்கணும்னு எங்க தாத்தா, ஒரு கேமும் வெளையாடாதவரு, தூங்கி எந்திரிச்சி சொல்வாரு. அந்த மாதிரிதான் இந்த கேம்லயும், இரும்பு ரோபோவுக்கு மின்னல் கம்பம், நத்த மாதிரி ஊர்ந்து வர்ற பச்ச ஜந்துவுக்கு தீ. அது வரைக்கும் எல்லாம் நாயமா போவுது.

பறக்கும் தட்டு வந்ததும் நாயம் எல்லாம் பறந்து போயிரும். நீங்க இருவது நிமிஷம் செலவு பண்ணி எதிரி சுத்தி சுத்தி வர்ற மாதிரி சொவரு கட்டி வச்சிருப்பீங்க, அழகா, கோலம் போட்ட மாதிரி. தட்டுக்காரன் அதுக்கு மேலாக்க நேரா போவான். சரி அதுக்கு வானத்த சுடுற பீரங்கி இருக்கு, வைப்போம்னு வச்சா, அந்த பீரங்கிக்கு யார மொதல்ல சுடணும்னு சொல்ற வழி கெடையாது. முன்னாடி பறக்குற சில்லற தட்டத்தான் சுடும். பின்னாடி ஒரு மாட்டு வண்டி சைஸுல குண்டு சுமந்துக்கிட்டு ஒருத்தன் நிதானமா வருவான், அவன பீரங்கி ஏறெடுத்தும் பாக்காது. கடைக்கு மொதலாளி வரும்போது ஓரத்துல ஈ ஓட்டிக்கிட்டு இருக்குற வேலக்காரன் மாதிரி. சாதாரண டவர் டிஃபென்ஸ்ல மொதல்ல வர்றவனா, பலசாலியா, கிட்ட இருக்குறவனான்னு மாத்தி வைக்கிற பட்டன எத்தன எடத்துல பாத்திருக்கோம். இவங்களுக்கு மட்டும் அது பாரமா இருந்திருக்கு.

கோபுரத்து ஒடம்பு வேற நோஞ்சான். பெரிய ரோபோ ஒரு தட்டு தட்டுனா சாயிது. டேய், இங்க தெலுக் இந்தான்ல 1885ல கட்டுன மணிக்கூண்டு இருக்கு, தண்ணி தேக்கி வச்ச கோபுரம், சாஞ்சேதான் நிக்கிது, நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதும் சாஞ்சிதான் நின்னுச்சி, இன்னும் விழல. விண்வெளி காலத்து டெக்னாலஜின்னு சொல்லிட்டு ஒரு அடிக்கு ஒடையிற டவர குடுக்குறீங்களே, வெக்கமா இல்ல?

கடைசி பத்து வேவ்ல இன்னொரு கூத்து. எதிரி உயிர மட்டும் ஏத்திக்கிட்டே போவாங்க. 5வது வேவ்ல நாலு சுடுக்கு விழுந்தவன் 25ல நாப்பது சுடு வாங்கிக்கிட்டு நடப்பான். அறிவு ஏறல, ஆட்டம் மாறல, தோலுதான் தடிச்சிச்சி. 1978ல நிஷிகாடோன்னு ஒரு ஜப்பான்காரரு செஞ்ச ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ங்கிற கேம எடுத்துக்கங்க. அஞ்சு வரிசை, வரிசைக்கு பதினொண்ணு, மொத்தம் 55 எதிரி. சுட சுட மிச்சம் இருக்குறவன் வேகமா ஓடுவான். அத அவரு திட்டம் போட்டு செய்யல, திரையில வரைய வேண்டிய ஆளு கொறைஞ்சதால மெஷினுக்கு வேல கொறஞ்சி தன்னால வேகம் கூடுச்சி, அவரும் அத அப்படியே விட்டுட்டாரு. கடைசி ஒருத்தன் வெறி புடிச்சி ஓடுறப்ப நமக்கு கை நடுங்கும். எதேச்சையா வந்த அந்த ஒரு நடுக்கம் இவங்க முப்பது வேவ் கட்டியும் வரல.

சரி இதெல்லாம் சின்ன வீட்டு சண்ட. பொறுத்துக்குவேன். பெரிய சண்டைக்கு வர்றேன்.

ஆட்டத்த நிறுத்தி வைக்க பாஸ் பட்டன் இருக்கு. அமுக்குனா ரோபோ நிக்கும். ஆனா லைன் நிக்கக்கூடாது! பாஸ்ல போட்டுட்டு பெரியம்மாவ கிளினிக்குக்கு மோட்டோர்ல ஏத்திக்கிட்டு போய்ட்டு வந்தேன் ஒரு நாளு, வந்து பாத்தா ரொம்ப நேரம் சும்மா இருந்தீங்கன்னு சொல்லி வெளிய தள்ளி வச்சிருக்கு. யாருகிட்ட சும்மா இருந்தேன்? என் கூட யாரு வெளையாடுனா? எந்த கூட்டாளி காத்துக்கிட்டு இருந்தான்? ஸ்டேஜ் நடுவுல சேவும் கெடையாது. பத்து வேவுக்கு ஒரு தடவ சேவ் வச்சா என்னா கொறஞ்சி போவும்? எதுக்கு லைன்னு கேட்டா ஏமாத்து வேலைய தடுக்கவாம், உலக ஸ்கோர் பட்டியல்ல கள்ள ஸ்கோர் வரக்கூடாதாம். ராசா, அந்த பட்டியல்ல நான் இருக்குறதே கீழ எங்கயோ, அங்க ஏறுறதுக்கு நான் ஏமாத்த வேற செய்யணுமா? பட்டியல் வேணும்ங்கிறவனுக்கு லைன கேளு, வேணாம்ங்கிறவன விட்டுரு.

போன் ஹாட்ஸ்பாட் போட்டு பாரேன்னாரு மில்லுல ஒரு அண்ணன். போட்டேனே. எங்க வீட்ல ஜன்னல் கம்பியில போன கட்டி தொங்க விட்டாதான் ரெண்டு கோடு வரும். மழ வந்தா ஒரு கோடு. அந்த ஒரு கோட்டுல 19வது வேவ் வரைக்கும் போனேன், அப்பறம் அக்கா மவன் வந்து மாமா யூடியூப் பாக்கலாமான்னு கேட்டு, நான் பதில் சொல்றதுக்குள்ள போன கழட்டிட்டான். நாலு வயசு புள்ளைய அடிக்கவா முடியும்? அவனுக்கு மிட்டாயி குடுத்து நான் வெளிய போயி நின்னேன்.

நாங்க சின்னதுல டவுன்ல சிசியில, அதான் சைபர் கஃபேல உக்காந்து, மணிக்கு ரெண்டு வெள்ளி குடுத்து, வார்கிராஃப்ட் 3ங்கிற கேம்ல எவனோ செஞ்சி போட்ட டவர் மேப்ப ஆடுவோம். கரண்டு போனா போச்சி, அத ஒத்துக்கிறேன், ஆனா லைன் போனா சிசி அங்கிள் ஒக்காந்த எடத்துல இருந்து தலைய தூக்க மாட்டாரு, ஏன்னா ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு வயரு போவுது, வெளிய ஒலகம் இருந்தா என்னா இல்லாட்டி என்னா. இருவது வருஷம் முன்னேறி இப்ப வீட்டுக்குள்ள தனியா உக்காந்து ஆடுறவனுக்கு ஒலகமே ஆன்ல இருக்கணுமாம். இத செஞ்சவன் இருக்குற ஊர்ல மழையே பெய்யாதுன்னு நெனைக்கிறேன். இல்லாட்டி அவனுக்கு அம்மா இல்ல.

காச திருப்பி கேட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளையாடிட்டீங்க, ஆவாதுன்னு ஒரு பதிலு. ரெண்டு மணி நேரத்துல எனக்கு என்னா தெரியும், மொத மூணு ஸ்டேஜும் பத்து பத்து நிமிஷம், வெயில் அடிச்ச நாளு வேற. மாப்பிள்ளைய பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி மட்டும் பாத்துட்டு கட்டிக்கிட்ட கத. நாப்பது நிமிஷ ஸ்டேஜு ஆறாவதுலதான் ஆரம்பிக்குது, அதுக்குள்ள நம்ம ரெண்டு மணி நேரம் எப்பவோ போயிருச்சி.

இதுவரைக்கும் அந்த ஏழாவது ஸ்டேஜுல அஞ்சு தடவ செத்திருக்கேன். அதுல ரோபோகிட்ட செத்தது ஒரு தடவ. மீதி நாலும் மோடம்.

எப்படியும் வாங்கத்தான் போறோம்ங்கிறவங்களுக்கு, ஏழாவதுல வர்ற மூணு தலை ரோபோவ மாரப்பாத்து சுடாதீங்க, ஒண்ணும் ஆவாது. பல்பு எரியிற தலை மட்டும்தான் அடி வாங்கும், அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். மின்னல் கம்பத்த எடது பக்கம் படிக்கட்டு ஓரத்துல ரெண்டு வைங்க, அங்க நின்னு திரும்புவான், அப்ப சுடுங்க. குண்டு சுமக்குற தட்ட பீரங்கிக்கு விடாம நீங்களே பாத்துக்கங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆரம்பிங்க, மழ விட்டுருக்கும், அம்மாவும் தூங்கியிருப்பாங்க.