இந்தக் கான் யாருடையது?

போன மழைக்கு எங்கள் ஒழுங்கைக் கான் (வடிகால்) அடைத்து, கறுப்புத் தண்ணீர் வாசற்படி வரை வந்துவிட்டது. உள்ளூராட்சி சபைக்குப் போன் எடுத்தேன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள், இரண்டு சபைகள் முட்டுகிற இடத்தில்தான் வீடு. "அது எங்கட பக்கம் இல்லையே அண்ணே" என்றார்கள். மற்றச் சபைக்கு எடுத்தால் அவர்களும் அதையேதான், கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். நாலாம் நாள் பக்கத்து வீட்டு அன்ரியின் மருமகன் அலவாங்கோடு இறங்கி ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்தார்.

அதற்குப் பிறகுதான் இந்த எல்லைக் கதையைத் துருவிப் பார்த்தேன். நாங்கள் வாயால் சொல்லும் கொழும்பு வேறு, மாநகர சபையின் கொழும்பு வேறு. வடக்கே களனி கங்கை, மேற்கே கடல், தெற்கே தெஹிவளைக் கால்வாய், மொத்தமே சுமார் 37 சதுர கிலோமீற்றர். தெஹிவளையில் இருந்துகொண்டு ஊரில் போய் "கொழும்பில இருக்கிறம்" என்கிறோமே, வீட்டுக்குக் கட்டும் சோலைவரி போவது தெஹிவளை-கல்கிசை மாநகர சபைக்கு. ராஜகிரிய, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே மாநகர சபை. கொலன்னாவைக்கு நகர சபை. பேலியகொடையோ மாவட்டமே வேறு, கம்பஹா. இது போதாதென்று பிரதேச செயலகக் கணக்கில் மாநகரம் இரண்டாக உடைகிறது, வெள்ளவத்தைக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய. கிராம சேவகர் ஒரு வரைபடத்தில், வட்டார உறுப்பினர் இன்னொரு வரைபடத்தில்.

சரி, எல்லைக்கு உள்ளே இருப்பவருக்காவது தட்ட ஒரு கதவு உண்டா? குப்பை, கழிவுநீர்க் குழாய், தீயணைப்பு, தாய்சேய் கிளினிக், நுளம்புக் குடம்பி தேடி வரும் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), கனத்தை மயானம் எல்லாம் மாநகர சபை. குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் சபை. காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். பெரிய கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம். அதாவது என் வீட்டுக் கானில் விழும் தண்ணீர் கடலுக்குப் போவதற்குள் மூன்று எசமான்களைப் பார்த்துவிடும்.

குப்பைக்கு மட்டும் இந்த எல்லையெல்லாம் கிடையாது. மீத்தொட்டமுல்ல நினைவிருக்கிறதா? கொழும்பின் குப்பை வருடக்கணக்காகப் போய்க் குவிந்தது கொலன்னாவைப் பக்கத்தில். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று அந்த மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்களில் யாருக்கும் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வாக்கு இருந்திருக்காது. எங்கள் வீட்டுக் குப்பையும் அந்த மலையில் இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் என்னவோ செய்கிறது.

எல்லையைச் சபை தானாக மாற்ற முடியாது, அமைச்சர் வர்த்தமானியில் போட வேண்டும். அதனால் மாறாது என்று நினைத்துவிடாதீர்கள். காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் தெரிகிற துறைமுக நகரம், கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர், அதற்கு 2021இல் தனிச் சட்டமும் தனி ஆணைக்குழுவும் வந்து, மாநகர சபைகள் கட்டளைச் சட்டமே அங்கே செல்லாது என்று எழுதிவிட்டார்கள். வேண்டும் என்றால் நடக்கிறது. எங்கள் கானுக்குத்தான் யாரும் வேண்டாமாம்!

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போய் 2025 மே வரை இழுத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, எல்லாம் அதிகாரிகள் கையில். இப்போது மேயரும் இருக்கிறார், உறுப்பினர்களும் இருக்கிறார்கள், ஏசுவதற்காவது ஆள் உண்டு. அதுவும் பெரிய விசயம்தான், நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

எல்லோரையும் சேர்த்து ஒரே பெருநகர சபையாக்கு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கந்தோர் பெரிசானால் வரிசையும் பெரிசாகும். நான் கேட்பது சின்ன விசயம். எல்லையில் இருக்கிற ஒழுங்கைகளுக்கு இரண்டு சபையும் உட்கார்ந்து, இந்தக் கான் உனக்கு, அந்த விளக்கு எனக்கு என்று பிரித்து எழுதி, மூன்று மொழியிலும் ஒழுங்கை முகப்பில் ஒரு பலகை மாட்டட்டும். முறைப்பாடு யாரிடம் வந்தாலும் அவர் பதிந்து மற்றவருக்கு அனுப்பட்டும். அதற்கு வர்த்தமானியும் வேண்டாம், அமைச்சரும் வேண்டாம்.

எல்லையோரம் இருக்கிறவர்கள் கீழே சொல்லுங்கள், உங்கள் பக்கம் கான் அடைத்தால் யார் வருகிறார்கள்? எங்கள் அன்ரியின் மருமகன் அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறார்.