இந்த வாடகைக்குக் கொடைக்கானலே போகலாமாம்!

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் தங்க என்ன வாடகை என்று சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "இந்தக் காசுக்குக் கொடைக்கானல்ல மூணு நாள் இருந்துட்டு வரலாமே." எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் கணவர். காரைக்குடியில் ஒரு லாட்ஜ், ஆத்தங்குடியில் பெரிய வீடு, எங்காவது மட்டன் சுக்கா, பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு, ஞாயிறு மதியம் திருச்சிக்குத் திரும்பிவிடலாம், 90 கிலோமீட்டர்தானே என்பது அவர் கணக்கு. பக்கத்து ஊரான கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றில் ஒரு இரவாவது தங்கியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த வாடகை நியாயமானது என்று இப்போதும் சொல்வேன்.

டிக்கெட் எடுத்து அரைமணி நேரம் சுற்றினால் தூணும் சரவிளக்கும்தான் கண்ணில் படும். தங்கினால்தான் வீடு புரிகிறது. சித்திரை வெயில் முற்றத்தில் மட்டும் விழுகிறது. சுற்றியுள்ள வளவில், அதாவது தாழ்வாரமும் அறைகளும் உள்ள பகுதியில், மங்கலான வெளிச்சம், காலுக்குக் கீழே குளிர்ச்சி. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவரைத் தடவினால் பளிங்கோ என்று தோன்றும். முகப்பு ஆண்கள் கணக்கு வழக்கு பார்த்த இடம். வளவில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. அப்படி ஒரு குடும்பம் ஒரு 'புள்ளி'. முகப்பு ஒரு தெருவில், அடுப்படிக் கட்டின் பின்வாசல் அடுத்த தெருவில். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து நடந்தபோதுதான் அந்த நீளம் எனக்கு உறைத்தது!

இத்தனை தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கடல் கடந்த வட்டித்தொழில் கொண்டுவந்தவை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்டமுடியாத விவசாயிகளின் நிலங்கள் கைமாறி, கீழ்பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு, இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வசம் வந்தது. அங்கிருந்த உழவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் இந்த வீடுகளை வியக்கும்போது கொஞ்சம் நினைக்கத்தான் வேண்டும். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், அப்புறம் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை எடுத்துக்கொண்டது. வருமானம் போனது, வீடு மட்டும் நின்றது.

இன்று ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் எத்தனையோ பேர். ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அமெரிக்கா. ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்கவேண்டும். பூட்டிக் கிடப்பதெல்லாம் கைவிட்ட வீடல்ல. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் திறப்பார்கள். ஆனால் ஒழுகும் கூரைக்கு யார் பணம் போடுவது என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போனால், எல்லோரும் கடைசியில் ஒத்துப்போகிற ஒரே முடிவு பிரித்து விற்பதுதான். விற்றால் மரம்தான் முதலில் போகும்.

அந்த மரம் போய்ச்சேரும் இடங்களில் ஒன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. கதவு, நிலை, தூண், எனாமல் சட்டி, ரவிவர்மா படம், எல்லாம் இருக்கிறது. நம்மாள் ஒரு தேக்குத் தூண் முன்னால் நின்றுவிட்டார். பால்கனியில் வைக்கலாமாம்.

"ஏங்க, இது யார் வீட்டு முகப்பைத் தாங்கினதோ?" என்றேன்.

"நாங்க வாங்கலேன்னா விறகாப் போயிருக்கும்மா" என்றார் கடைக்காரர்.

அதுவும் உண்மைதான், மறுக்கமுடியவில்லை. ஆனாலும் நாம் தூணுக்குக் கொடுக்கும் காசு ஒரு வீட்டைப் பிரித்ததற்கான கூலி, அறைக்குக் கொடுக்கும் காசு ஒரு கூரையில் ஓடு மாற்றும் என்பதுதான் என் கட்சி. எனாமல் தட்டு வாங்கினோம். தட்டு எந்தக் கூரையையும் தாங்கவில்லை!

சாப்பாட்டுக்கு வருகிறேன். சாலையோரம் 'ஒரிஜினல் செட்டிநாடு' என்று எழுதியிருந்த ஓர் உணவகத்தில் மிளகாய்த்தூள் மட்டும்தான் தெரிந்தது, கண்ணில் தண்ணீர். தங்கிய வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்த மதியச் சாப்பாடு வேறு ஜாதி: கல்பாசியும் மராட்டி மொக்கும் மணக்கும் கோழிக் குழம்பு, அரிசி கழுவிய தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி, கோலா உருண்டை, கடைசியில் கவுனி அரிசி. பர்மாவிலிருந்து வந்த அந்தக் கறுப்பு அரிசி சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து இலையில் கருஞ்சிவப்பாக நின்றது. பரிமாறிய ஆச்சி, "மெதுவாச் சாப்பிடுங்கப்பா, பஸ்ஸா போயிருது?" என்றார். மறுநாள் காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். கொடைக்கானல் பேச்சு அதோடு நின்றது.

கஃபே தேடிப் போகிறவர்கள் புதுச்சேரிக்கே போகலாம். கானாடுகாத்தானில் சாயங்காலம் டீக்கடைதான், டீ நன்றாகவே இருந்தது.

விடுதி நடத்துகிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. ஆச்சி கையால் மதியம் அப்படிப் போட்டுவிட்டு ராத்திரி எதற்கு சூப்பும் பிரெட்டும்? வெளிநாட்டவர் கேட்பார்கள் என்றால் அவர்களுக்கு மட்டும் கொடுக்கலாமே. அவர்கள் அதிகம் வராத சித்திரை, வைகாசியில் நம்மூர்க்காரர்களுக்கென்று ஒரு வாடகை வைத்தால், புதிதாகக் கல்யாணமானவர்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் வருவார்களே. அந்த வெயிலுக்காகத்தானே முற்றம் வைத்து இந்த வீட்டைக் கட்டினார்கள்?

போகிறவர்கள் இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லிவிடுங்கள், இடியாப்பம் வேண்டும் என்று கேளுங்கள்.