இடியம் பட்டியலைக் கொஞ்சம் மூடி வைப்போமா?

மழையைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை என்றால் நம் பிள்ளைகள் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது) என்ற இடியத்தை, அதாவது மரபுத்தொடரை, போடாமல் விடமாட்டார்கள். போட்டால் டீச்சரும் ஒரு டிக் போடுவார். தேய்ந்துபோன அரட்டைப் பேச்சுகளைக் கேலி செய்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. அன்றைக்கே பழசு! (கூரையிலிருந்து நாயும் பூனையும் வழுக்கி விழுந்ததால்தான் இந்தத் தொடர் பிறந்தது என்று வாட்ஸாப்பில் கதை வந்தால் நம்பாதீர்கள், அது கட்டுக்கதை.)

இடியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'பொருத்துக' பட்டியலாகத் திணிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. 'கிக் த பக்கெட்' என்றால் சாவது என்று கோடு போட்டுப் பொருத்திப் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடும். இழவு வீட்டில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பட்டியலில் இருக்காது. 'மண்டையைப் போட்டுட்டார்' என்று நாம் யாரிடம் சொல்வோம், யாரிடம் வாயே திறக்கமாட்டோம்? அதே கணக்குத்தான். 'அல்வா கொடுத்துட்டான்' என்பதற்கு யாரும் நமக்கு அர்த்தம் எழுதிப் போடவில்லை. யாரோ யாரையோ ஏமாற்றிய கதையோடு காதில் விழுந்தது, ஒட்டிக்கொண்டது.

என்னைக் கேட்டால் கிரிக்கெட்டிலிருந்து தொடங்கலாம். மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது, பேட்ஸ்மேன் திணறிப்போவார். அதுதான் 'ஸ்டிக்கி விக்கெட்'. இப்போது பிட்சை மூடிவிடுவதால் ஆட்டத்தில் அதைப் பார்ப்பதே அபூர்வம். இக்கட்டில் மாட்டியவர்களைச் சொல்ல மட்டும் இன்னும் பேச்சில் உலவுகிறது. 'ஹிட் ஃபார் சிக்ஸ்' இதைவிட சுவாரசியம். சிக்ஸர் என்றதும் பிள்ளைகள் ஏதோ சந்தோஷ சமாச்சாரம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஒரு செய்தி ஒருவரை 'சிக்ஸுக்கு அடித்தது' என்றால் அவர் நிலைகுலைந்து போனார் என்று பொருள். அடித்தவர் பக்கம் இல்லை, அடி வாங்கியவர் பக்கம். மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

நம் ஐடி ஆட்கள் பேஸ்பாலை ஒருநாளும் பார்க்காமலேயே அதிலிருந்து வந்த 'டச் பேஸ்' (ஒரு வார்த்தை பேசிக்கொள்வது), 'பால்பார்க் ஃபிகர்' (உத்தேசக் கணக்கு) என்று வெளுத்து வாங்குகிறார்கள். எந்தப் பட்டியல் பார்த்து? மீட்டிங்கில் கேட்டுக் கேட்டுத்தான்.

வீட்டில் வாரத்துக்கு ஒரு தொடர் போதும். யார் சொன்னது, யாரிடம், என்ன கடுப்பில் அல்லது குஷியில் சொன்னது என்று ஒரு குட்டிச் சம்பவத்தோடு சொல்லுங்கள். டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பரீட்சையில் பொருள் கேட்டது போதும், "இதை ஹெச்.எம். கிட்ட சொல்லலாமா, கூடாதா? ஏன்?" என்று கேட்டுப் பாருங்களேன்.