சுறாவுக்கும் பேழைக்கும் ஒரே தொழில்தான்
விசுவாசமுள்ளவர் தீம் பார்க் வடிவமைப்புக்குப் போனால் ஒன்று விசுவாசத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பைபிள் பூங்கா மட்டும்தான் கட்ட முடியும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், இதை என்னால் ஏற்க முடியவில்லை. பேட்ரிக் மார்ஷ் என்பவரைப் பாருங்கள், ஃப்ளோரிடாவில் இருக்கிற யூனிவர்சல் ஸ்டுடியோ தீம் பார்க்கில் ஜாஸ் என்ற சுறாப் படம், கிங் காங் என்ற ராட்சதக் குரங்குப் படம் இரண்டையும் வைத்து அமைத்த காட்சிகளுக்கு வேலை செய்தவர், அப்புறம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2016இல் திறந்த பைபிள் பூங்காவில், வெள்ளக் கதையில் வரும் நோவாவின் கப்பலைப் போலக் கட்டிய 510 அடி நீளப் பேழைக்கு வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். நான் அங்கே போயிருக்கிறேன். முதல் தளத்தில் நுழைந்ததும் மங்கலான வெளிச்சம், வரிசை வரிசையாக மரக்கூண்டுகள், உள்ளிருந்து விலங்குகளின் சத்தம், வெளியே புயல் அடிக்கிற மாதிரி ஓசை, என் மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுறாவைக் காட்டிப் பயமுறுத்தக் கற்ற அதே கைத்திறன்தான் இது. உலகத்துக்கு ஆறாயிரம் வயதுதான் என்று அங்கே சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் வேலை அருமையான வேலை. டிக்கெட் விற்கும் இடத்தில் பக்தி எப்படி இருக்கும் என்று சிலர் கேட்கலாம். டிஸ்னிலேண்டில் 1958இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒன்றில் பெரிய பாடகர் குழு பாட, ஒருவர் இயேசு பிறந்த கதையை மேடையில் வாசிக்கிறார். அதற்கு விளக்கு அமைக்கும் ஒரு விசுவாசி எதையும் மறைக்கவும் வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம்.