திரும்பிப் போன ஹெலிகாப்டரைத் திட்டுறவங்களுக்கு

வெள்ளத்தில் மாட்டி மொட்டை மாடியில் நின்னவங்களைத் தூக்க வந்த ஹெலிகாப்டர், யாரையும் ஏத்தாமத் திரும்பின அந்த வீடியோவை நேத்திலிருந்து எத்தனை பேர் ஷேர் பண்ணிட்டீங்க! "ரெண்டு சுத்து சுத்திட்டு ஓடிட்டான்"னு தலைப்பு வேற. வயிறு எரியுது. யாரும் ஓடல. இங்கே தூக்க முடியாதுன்னு முடிவு பண்ணித் திரும்பினாங்க. அந்த முடிவும் மீட்புப் பணிதான்.

வீடியோவையே நிறுத்தி நிறுத்திப் பாருங்க. மாடியில் சிமென்ட் ஷீட் கொட்டகை, அதுமேல தார்ப்பாய், பக்கத்திலேயே மின்கம்பி. பல டன் எடையுள்ள ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிக்கணும்னா காத்தை அவ்வளவு வேகமா கீழே தள்ளணும். அந்தக் காத்தில் ஷீட் உடைஞ்சு பறக்கும், ஓரத்தில் நிக்கிற குழந்தை தூக்கி வீசப்படும். தார்ப்பாய் எழும்பி இறக்கையில் சிக்கினா, காத்திருக்கிறவங்க தலையிலேயே வண்டி விழும்.

நேர் கீழே நடக்கிறது விமானிக்குத் தெரியாது. வாசலில் குனிஞ்சுக்கிட்டு வின்ச் ஆபரேட்டர்தான் (கம்பியை இறக்கி ஆளைத் தூக்குற இயந்திரத்தை இயக்குறவர்) "முன்னாடி ரெண்டு, வலது ஒண்ணு"ன்னு சொல்லிச் சொல்லி நிறுத்துவார். அந்த வின்ச் கம்பி சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. கொக்கி முதல்ல தரையையோ தண்ணியையோ தொடணும். அதுக்கு முன்னாடி கையால பிடிச்சா, வண்டியில் சேர்ந்த நிலைமின்சாரம் அடிக்கும். கொக்கியை மாடிக் கம்பியில் யாராவது மாட்டிட்டா, வின்ச் கம்பியை வெட்டிவிட்டாத்தான் வண்டி தப்பும். கொக்கியோட வர்ற பட்டையை அக்குளுக்குக் கீழே மாட்டி, கையை உடம்போட ஒட்டி வச்சுக்கணும். பயத்தில் கையை மேலே தூக்கினா பட்டை வழியா உருவிக்கிட்டு விழ வேண்டியதுதான். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் தேவ்கர் திரிகூட மலை ரோப்கார் விபத்தில், ஹெலிகாப்டர் வாசல் வரைக்கும் வந்த ஒருத்தர் விழுந்து செத்தார்.

"அப்போ 2018 வெள்ளத்தில் கேரளாவில் மட்டும் மாடியிலிருந்து எப்படி ஏத்தினாங்க?"ன்னு கேக்குறீங்க. சாலக்குடியில் கடற்படையோட சீ கிங் ஹெலிகாப்டர், முழு எடையையும் இறக்காம, சக்கரத்தை மட்டும் மாடியில் வச்சு 26 பேரை ஏத்தினது உண்மை. அந்த மாடி அதுக்கு இடம் கொடுத்தது. எல்லா மாடியும் கொடுக்காது, அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கிட்ட ரயிலிலிருந்து கர்ப்பிணியைத் தூக்கினதும் இதே மாதிரி ஆளுங்கதான். அன்னைக்குக் கைதட்டினீங்க.

"அதுக்குத்தானே சம்பளம்?"னு ஒருத்தர் கேட்டிருக்கார். அதுதான் ரொம்ப வலிக்குது. 2024 செப்டம்பர் 2 ராத்திரி, குஜராத் போர்பந்தர் பக்கம் நடுக்கடலில் டேங்கர் கப்பலில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கப் போன கடலோரக் காவல்படையோட துருவ் ரக ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதில் இருந்த நாலு பேரில் ஒருத்தர்தான் பிழைச்சார். ஒரு விமானியோட உடல் கிடைக்க ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எந்தச் சம்பளத்தில் இதைக் கழிப்பீங்க?

வண்டி சரியில்லைன்னு கேளுங்க, கேக்கத்தான் வேணும். 2025 ஜனவரியில் அதே போர்பந்தரில் இன்னொரு துருவ் விழுந்து மூணு பேர் போனாங்க. அப்புறம் துருவ் வண்டிகளை மாசக்கணக்கில் தரையில் நிறுத்தி வச்சாங்க. கோபம் இருந்தா அங்கே காட்டுங்க. உதிரிபாகம், பராமரிப்பு, மாற்று வண்டி பத்திக் கேளுங்க. நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எரிபொருள் கணக்குப் பார்த்துக்கிட்டு வாசலில் தொங்குறவரைக் கேக்காதீங்க.

அந்தத் தலைப்பை எடுங்க. மழைக்கு முன்னாடி உங்க மாடி ஷீட்டையும் தார்ப்பாயையும் கழட்டிக் கீழே வைங்க.