டெல்டா வளையம்: ரயில் ரசிகர்கள் ஒரு நாளில் சுற்ற வேண்டிய 165 கிலோமீட்டர்

ரயில் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் அடுத்த ட்ரிப் பற்றிய பேச்சு கொங்கன், பாம்பன், செங்கோட்டை என்றுதான் போகும். மூன்றும் அருமையான பாதைகள், மறுக்கவே இல்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க ரயிலோடு இருக்க வேண்டும், அது எப்படி ஓட்டப்படுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நீடாமங்கலம், மறுபடி தஞ்சாவூர் என்ற வளையத்துக்கு ஈடு இல்லை என்பது என் திடமான கருத்து. சுமார் 165 கிலோமீட்டர். அதுவும் எக்ஸ்பிரஸில் அல்ல, பாசஞ்சரில்.

இந்த வளையத்தின் மூன்று பக்கமும் மூன்று காலத்தவை. திருவாரூர்–தஞ்சாவூர் பக்கம்தான் மூத்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்தில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே போட்ட பாதை அது. முதலில் அகலப்பாதை, 1870-களில் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள், நம் காலத்தில் திரும்பவும் அகலமாயிற்று. கும்பகோணம் வழியாகப் போகும் மெயின் லைன் அதற்குப் பிறகு, 1870-களில் வந்தது. மூன்றாவது பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–முத்துப்பேட்டை பாதை 1894-இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பணத்தில் போடப்பட்டது. ஒரு ஜில்லா போர்டு தன் ஊர்களுக்குத் தானே ரயில் விட்ட பாதையில் பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் என்று இன்றும் போகலாம் என்பது சின்ன விஷயமில்லை.

எப்போது போவது? மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் கடைமடை வந்து சேர நாளாகும். பச்சை வேண்டுமென்றால் ஆவணிக்குப் பிறகு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேகக் கட்டுப்பாடு, தாமதம் எல்லாம் வரும், களிமண் கரை மேல் போகும் தண்டவாளம் அது. மார்கழி, தை மாதம்தான் சிறந்தது. சம்பா முற்றி நிற்கும், வெயிலும் சாய்வாக விழும்.

அந்த மாதங்களில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை போகும்போது இடப்பக்க ஜன்னல், அதாவது வடக்குப் பக்கம். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வயல் மேல் விழும், படம் தெளிவாக வரும். தெற்கு ஜன்னலில் உட்கார்ந்தால் எல்லாம் கறுத்துப் போகும். மதியத்துக்கு மேல் மயிலாடுதுறையிலிருந்து திருவாரூருக்குத் தெற்கு நோக்கி இறங்கும்போதும் இடப்பக்கம்தான், அப்போது அது கிழக்கு. திருவாரூரிலிருந்து திரும்பும்போது வலப்பக்கம். தஞ்சாவூரை விட்டதுமே வெண்ணாறும் வெட்டாறும் அடுத்தடுத்து வந்துவிடும், கேமராவைத் திட்டைக்கு முன்பே கையில் எடுத்து வையுங்கள். பூந்தோட்டம் பக்கம் அரசலாறு.

டிக்கெட்டில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். முன்பதிவில்லாத குறுந்தூர டிக்கெட்டில் நடுவில் இறங்கி அடுத்த ரயிலில் தொடர முடியாது. கும்பகோணத்தில் இறங்கி ஊரைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அங்கு வரைக்கும் ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. 200 கிலோமீட்டருக்குள்ளான டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரக் கணக்கு உண்டு (எடுத்தபின் அதற்குள் கிளம்ப வேண்டும்), காலையிலேயே நாள் முழுவதற்கும் எடுத்து வைக்க முடியாது. ஆர்டினரி (பாசஞ்சர் கட்டண) டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்டண வித்தியாசமும். ரயில்வேயின் டிக்கெட் ஆப்பில் போடுவதாக இருந்தால் ஸ்டேஷனுக்கு வெளியிலேயே போட்டுவிடுங்கள். பிளாட்பாரத்தில் நின்றால் எடுக்காது, சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆரைத் தேடி ஓட வேண்டிவரும். ஒரு டிக்கெட்டில் நாலு பேர் வரை போடலாம். ஆனால் அந்த நாலு பேரும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், போனில் சார்ஜும் இருக்க வேண்டும். படம், வீடியோ, லைவ் என்று போட்டுத் தள்ளுகிற நமக்கு மதியமே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் இரண்டு போனாகப் பிரித்து எடுப்பது நல்லது.

இப்போது முக்கியமான விஷயம், கிராசிங்: ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் ஸ்டேஷனில் ஒன்றையொன்று கடப்பது. தஞ்சாவூர்–மயிலாடுதுறை ஒற்றைப் பாதை. “சும்மா நிறுத்தி வெச்சிருக்கான்” என்று பெட்டியில் எல்லாரும் சலித்துக்கொள்ளும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் ரயில்வே என்பது என்ன என்று கண்ணால் பார்க்கலாம். உங்கள் ரயில் லூப்புக்குள் (ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) போகிறதென்றால் ஹோம் சிக்னலில் (ஸ்டேஷனுக்குள் நுழைய விடும் சிக்னல்) மஞ்சள் எரியும், அதன் தலைமேல் சாய்ந்த வரிசையாக ஐந்து வெள்ளை விளக்கு. பாயின்ட்டில் (தடம் பிரியும் இடம்) ஏறும்போது வேகம் 30-க்குள் வந்திருக்கும், பெட்டி ஒரு பக்கம் தள்ளி, உடனே மறுபக்கம் தள்ளும். நின்றதும் கடைசிப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்: மஞ்சளில் பெரிய எக்ஸ் குறி, எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசிப் பெட்டி) என்ற பலகை, சிவப்பு விளக்கு. ரயில் முழுசாக வந்து சேர்ந்ததற்கு அந்தப் பலகைதான் சாட்சி. அது இல்லாமல் ஒரு ரயில் உள்ளே வந்தால் நடுவழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கிறதா என்று தெரியும் வரை இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட அந்த செக்‌ஷனில் வேறு ரயிலை விட மாட்டார்கள்.

எதிர் ரயில் போன பிறகும் ஏன் உடனே எடுப்பதில்லை என்று கேட்பார்கள். வந்த ரயில் முழுசாக உள்ளே வந்து, செக்‌ஷன் காலி என்று உறுதியாகி, ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் (ரயிலை அனுப்பலாம் என்ற சம்மதம்) வாங்கி, பாயின்ட் திரும்பி, அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்டர் (கிளம்புவதற்கான சிக்னல்) விழும். அடுத்த ஸ்டேஷனிலிருந்து இன்னொரு எக்ஸ்பிரஸ் ஏற்கெனவே கிளம்பியிருந்தால் அதுவும் வந்து சேர்ந்தாக வேண்டும். பாசஞ்சர் எப்போதும் கடைசி. ஒரே ரேக் (பெட்டித் தொடர்) ஒரு ரயிலாக வந்து, திரும்பும்போது வேறு எண்ணில் போவதும் உண்டு. அது அங்கே தாமதமானால் இங்கே கிளம்பவே கிளம்பாது. அதனால் மயிலாடுதுறையில் ரயில் மாற முக்கால் மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். சாப்பாட்டையும் அதற்குள் முடித்துவிடலாம்.

கிராசிங்கை இவ்வளவு ரசித்தாலும் இந்தப் பாதை இரட்டைப் பாதையாக வேண்டும் என்ற கோரிக்கைக்கு நான் முழு ஆதரவு. கும்பகோணத்திலிருந்து தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களின் நேரம் நம் ரசனையைவிடப் பெரியது.

ஓட்டத்தில் வேகம் கணக்குப் போட ஜிபிஎஸ் வேண்டாம். மின்கம்பத்தில் இரண்டு எண் இருக்கும், மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை. மேல் எண் மாறும் கம்பத்திலிருந்து அடுத்த முறை மாறும் கம்பம் வரை எத்தனை நொடி என்று பார்த்து 3600-ஐ அதால் வகுங்கள். 45 நொடி என்றால் 80, 36 நொடி என்றால் 100. கூட வரும் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தால் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

திருவாரூர்–தஞ்சாவூர் பக்கத்தில் கூட்ஸ் பார்க்கலாம். காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி இந்த வழியாக மேற்கே போகும், ஒரு ரேக் 650 மீட்டருக்கும் மேல் நீளம். அது லூப்பில் நிற்கும்போது முழு நீளமும் ஒரே படத்தில் அடங்காது. நீடாமங்கலத்தில் நெல் மூட்டை ஏற்றும் மூடு வேகன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் மன்னார்குடி ரயிலுக்கு இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை. ரோட்டில் கேட்டில் நிற்பவர்களுக்கு அது பெரும் தொல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நல்ல படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள், ஆற்றுப் பாலத்தில் நடக்காதீர்கள், படியில் தொங்காதீர்கள். அத்துமீறினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அதைவிட, மின்சார ரயில் வரும் சத்தம் எதிர்க்காற்றில் கேட்கவே கேட்காது. பிளாட்பாரத்தில் போலீஸ் படம் எடுக்க வேண்டாம் என்றால் டிக்கெட்டைக் காட்டி விளக்குங்கள், அதற்கும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

முதல் நாள் இரவே ஓட்ட விவரத்தைச் சரிபாருங்கள். பராமரிப்புக்காக லைன் பிளாக் எடுக்கும் (பாதையைச் சில மணி நேரம் மூடும்) நாட்களில் பாசஞ்சர்களைத்தான் முதலில் பாதியில் நிறுத்துவார்கள். மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கொரடாச்சேரியையும் நீடாமங்கலத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமானால் திருவாரூரை நாலரைக்குள் விட வேண்டும். அந்த நேரத்துக்கு அன்று ரயில் இல்லையென்றால் வளையத்தை எதிர்த்திசையில் சுற்றுங்கள். அப்போதும் நீளமான இரண்டு பக்கத்திலும் வடக்கு ஜன்னல்தான், திருவாரூர்–மயிலாடுதுறை மட்டும் முற்பகலில் வருவதால் மேற்கு ஜன்னல்.