புழுவின் பெயரைச் செடியிடம் கேளுங்கள்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர். இன்பாக்ஸில் ஒரு புழுவின் படம், கீழே "இது என்ன பூச்சி, கடிக்குமா?" என்று ஒரு வரி. மூன்று படத்திலும் புழு பளிச்சென்று இருக்கிறது. எந்தச் செடியில் இருந்தது என்பதுதான் இல்லை. ஒருவர் வெள்ளைத் தாளில் எடுத்துவைத்தே படம் பிடித்திருக்கிறார். வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கைரேகை எடுக்க போலீசைக் கூப்பிட்ட மாதிரி.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. பூப்பறிக்கப் போன அம்மா "ஏலே, இங்க வந்து பாரு" என்று சத்தம் போட்டாள். நந்தியாவட்டைக்கு அடியில் மிளகைக் கொட்டினாற்போல் எச்சம். அண்ணாந்தால் நடுவிரல் நீளத்துக்குப் பச்சைப் புழு, வால்பக்கம் மஞ்சளாய் ஒரு குட்டைக் கொம்பு. ஈர்க்குச்சியால் தொட்டேன். தலையை உள்ளே இழுத்து முதுகை உப்பியது, திடீரென்று இரண்டு பெரிய நீலக் கண்கள் என்னை முறைத்தன! கண்களே அல்ல, மிரட்டுவதற்கான புள்ளிகள்.

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். சித்தப்பா, "பாம்புப் புழு, விஷம்." அத்தை, "மண்ணெண்ணெயை ஊத்து." போனில் இருந்த ஆப், எலுமிச்சைப் புழு என்றது. படித்தவன் இல்லையா, ஆப்பை நம்பினேன். டப்பாவில் போட்டு எலுமிச்சை இலை வைத்தேன். ராத்திரி முழுக்க ஒரு கடி இல்லை. காலையில் அம்மாதான் நந்தியாவட்டைக் கிளை ஒன்றை ஒடித்துப் போட்டாள். பத்து நிமிடத்தில் இலை ஓரம் பிறை பிறையாகக் காணாமல் போனது.

முதலில் பார்க்க வேண்டியது செடியைத்தான். நிறைய புழுக்கள் தமக்கென்று உள்ள சில செடிகளைத் தாண்டி வாய் வைக்காது, பட்டினி கிடந்து சாகும். எருக்கில் கருப்பு, மஞ்சள், வெள்ளை வரிப் புழு என்றால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் புழு எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியினுடையதாக இருக்கலாம். எங்கள் வீட்டு விருந்தாளி அரளி அந்துப்பூச்சி. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் அதற்கு வைத்த 'நேரி' என்ற பெயரே அரளியின் 'நேரியம்' என்ற அறிவியல் பெயரிலிருந்து வந்ததுதான். நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் அரளிக்குச் சொந்தக்காரர்கள், அதனால் அங்கேயும் பந்தி உண்டு.

வளர்ப்பது பெரிய வித்தையில்லை. மூடியில் காற்றுப் போக வழி, அடியில் காகிதம், தினமும் புது இலை. நர்சரியில் வாங்கிய புதுச் செடியின் இலையை மட்டும் கொடுக்காதீர்கள், மருந்தடித்திருப்பார்கள். கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகினால் வாயைப் பஞ்சால் அடையுங்கள். எங்கள் இரண்டாவது புழு அப்படித்தான் உள்ளே விழுந்து செத்தது. அரளிப் பாலும் நந்தியாவட்டைப் பாலும் கையில் பட்டால் கழுவிவிடுங்கள். மயிரடர்ந்த கம்பளிப்பூச்சி என்றால் கையே வைக்க வேண்டாம். முருங்கை மரம் வைத்திருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்தாம் நாள் அந்த முதல் புழுவின் பச்சை மங்கி முதுகு அழுக்குப் பழுப்பானது. தின்னாமல் டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. சீக்கு வந்துவிட்டதென்று குப்பையில் கொட்டப் போனேன். நல்லவேளை, மகள் பிடுங்கிக்கொண்டாள். கூட்டுப்புழுவாகும் முன் அதற்குத் தரையில் சருகு வேண்டும், அதைத்தான் தேடியிருக்கிறது. ஒரு பிடி மண்ணும் சருகும் போட்டதும் அடியில் போய் அடங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடியலில் டப்பாவுக்குள் தொங்கவிட்டிருந்த பழைய வேட்டித் துணியில் அந்துப்பூச்சி ஏறி நின்றது. பாசிப்பச்சை, இடையிடையே ரோஜா நிறம், பட்டாளத்துச் சட்டை மாதிரி. பகல் முழுக்க அசையவில்லை. இருட்டியதும் ஒரு நடுக்கம், அப்புறம் ஆளைக் காணோம்.

மருந்தடிக்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தகவல்: மொட்டையான அந்தக் கிளை அடுத்த மாதமே துளிர்த்துவிட்டது. நேற்று அடியில் மறுபடி மிளகு கிடந்தது. சாமிக்குப் பூ குறைந்தால் பரவாயில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

சரி, அந்த மூன்று பேரும் போய் இலையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.